மெரினாவும் யூனியன் ஆபீஸும்… ஒரு ஸ்காட்லாந்து நிலக்கிழார் ஆட்சியில் நமக்கு வந்த இரண்டு சொற்கள்!

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டியில் யாரிடமாவது 'யூனியன் ஆபீஸ் எங்கே?' என்று கேட்டால், உடனே கை நீட்டி வழி காட்டுவார்கள். 'ஊராட்சி ஒன்றிய அலுவலகம்' என்று பலகையில் எழுதியிருந்தாலும், பேச்சில் அது யூனியன் ஆபீஸ்தான். அதே ஊர்ப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவாகச் சென்னைக்குக் கிளம்பினால், பஸ்ஸில் ஏறும்போதே கேட்கும் முதல் கேள்வி, 'மெரினாவுக்கு எப்போ போவோம்?'

யூனியன், மெரினா. ஒன்று வானம் பார்த்த பூமியில் புழங்கும் சொல். இன்னொன்று கடற்கரையின் பெயர். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். 1884-ல் இந்த இரண்டையும் சென்னை மாகாணத்தில் ஊன்றியது ஒரே ஆளுநரின் ஆட்சி. அவர் பெயர் மவுன்ட்ஸ்டுவர்ட் எல்ஃபின்ஸ்டன் கிராண்ட் டஃப். ஸ்காட்லாந்தில் பரம்பரை நிலம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. 24 ஆண்டுகள் ஓட்டு கேட்டு ஜெயித்த எம்.பி. ஓட்டே இல்லாத சுமார் 3 கோடி மக்களை ஆள 1881-ல் இங்கே அனுப்பப்பட்டவர்.

ஓட்டு போட்டவர்களிடம் பணிவாகக் கணக்குச் சொன்ன ஒரு மனிதர், ஓட்டு இல்லாதவர்களிடம் எப்படி நடந்துகொண்டார்? அவருடைய வாழ்க்கையில் இன்றும் நமக்குத் தேவையான பகுதி அதுதான்.

தாத்தா எழுதிய மருந்துப் புத்தகம்

1829 பிப்ரவரி 21-ல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள ஈடன் என்ற இடத்தில் கிராண்ட் டஃப் பிறந்தார். ஈடன் அவர்களுடைய குடும்பப் பண்ணை. அப்பா ஜேம்ஸ் கிராண்ட் டஃப், கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர். சத்தாராவில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்து, உடல்நிலை கெட்டு ஊர் திரும்பி, 1826-ல் மராட்டியர் வரலாற்றை மூன்று பாகங்களாக எழுதி வெளியிட்டார். பம்பாய் ஆளுநராக இருந்த மவுன்ட்ஸ்டுவர்ட் எல்ஃபின்ஸ்டன் மீது அவருக்கு அவ்வளவு மரியாதை. அதனால்தான் பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார்.

அம்மா வழித் தாத்தாவின் கதை தமிழ்நாட்டுக்கு இன்னும் நெருக்கமானது. அவர் பெயர் வைட்லா ஐன்ஸ்லி. தென்னிந்தியாவில் கம்பெனி ராணுவ மருத்துவராக இருந்தவர். இங்குள்ள வைத்தியர்கள் கையாண்ட மூலிகைகள், சரக்குகள், அவற்றின் தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றையும் திரட்டி 1813-ல் சென்னையில் ஒரு மருந்து நூலை அச்சிட்டார். நாட்டு மருந்துக் கடைச் சரக்கை ஆங்கிலத்தில் முறையாகப் பதிவு செய்த ஆரம்பகால நூல்களில் அதுவும் ஒன்று.

ஆக, ஈடன் பண்ணை வீட்டில் இந்தியா என்பது தூரத்துக் கதை இல்லை. சாப்பாட்டு மேஜைப் பேச்சு.

வருஷா வருஷம் கணக்கு சொன்ன எம்.பி

ஆக்ஸ்ஃபோர்டு பேலியல் கல்லூரியில் படிப்பு, அதன் பிறகு சட்டம். 1857-ல் எல்ஜின் பர்க்ஸ் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். எல்ஜின், பான்ஃப், பீட்டர்ஹெட் போன்ற சிறிய ஊர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுதி அது. மறு ஆண்டே அப்பா இறந்துவிட, ஈடன் நிலமும் அவர் பொறுப்புக்கு வந்தது. அப்போது வயது 29.

அடுத்து வந்த எல்லாப் பொதுத் தேர்தல்களிலும் அதே தொகுதியில் ஜெயித்தார். அந்தக் காலத்தில் அங்கேயும் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து அளவு பார்த்து, ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டுரிமை. ஆனாலும் ஓட்டு உள்ளவர்களை அவர் அலட்சியம் செய்யவில்லை. தொகுதிக்குப் போய், மக்களைக் கூட்டி, நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் விளக்கி நீண்ட உரை ஆற்றுவது அவர் வழக்கம். இந்த உரைகள் 'எல்ஜின் உரைகள்' என்று 1871-ல் புத்தகமாகவே வந்தன. மீன்பிடி ஊர்க்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் ஐரோப்பிய அரசியலைப் பாடம் எடுத்த எம்.பி என்று பெயர் வாங்கினார்.

1868 முதல் 1874 வரை இந்திய விவகாரத் துறையின் துணை அமைச்சர். பதவி போன கையோடு, 1874 கடைசியில் இந்தியாவுக்கே கிளம்பி வந்து ஊர் ஊராகச் சுற்றினார். அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். எனவே 1881-ல் அவரைச் சென்னை ஆளுநராக அறிவித்தபோது, 'படித்தவர், லிபரல் கட்சிக்காரர், இந்தியாவைத் தெரிந்தவர்' என்று சென்னையில் பலரும் எதிர்பார்ப்போடு இருந்தார்கள்.

புயலுக்கு முன்னால் வந்தவர்

1881 நவம்பர் 5-ல் கிராண்ட் டஃப் பதவி ஏற்றார். அதே மாதம் அடித்த புயல், கிட்டத்தட்ட முடியும் நிலையில் இருந்த சென்னைத் துறைமுகத்தின் சுவர்களை உடைத்துப்போட்டது. மாகாணமோ 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்திலிருந்து இன்னும் முழுதாக எழவில்லை.

துறைமுகம் உடைந்தாலும், கடலுக்குள் நீண்ட அதன் சுவர்கள் ஒரு வேலையைச் செய்தபடியே இருந்தன. தெற்கிலிருந்து வடக்கே கடல் அடித்துக்கொண்டு போகும் மணலை மறித்தன. மறித்த மணல் தெற்குப் பக்கம் சேர்ந்தது. முன்பு சாலைக்கு அருகிலேயே அலை அடித்த இடத்தில், ஆண்டுக்கு ஆண்டு மணல்வெளி அகலமாகிக்கொண்டே போனது. இன்று நாம் பார்க்கும் அந்தப் பெரிய மணல்பரப்பு உருவான விதம் இதுதான்.

கிராண்ட் டஃப் அதை ஒட்டி உலாவுவதற்கு ஒரு நடைபாதை அமைத்தார். இத்தாலியின் சிசிலித் தீவில் பலெர்மோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே கடலோர உலாச் சாலைக்கு 'மெரினா' என்று பெயர். அந்த நினைவில் 1884-ல் சென்னைக் கடற்கரைக்கும் அதே பெயரை வைத்தார். பின்னால் ஓர் இத்தாலியத் தளபதி அவரோடு அங்கே நடந்தபோது, 'பலெர்மோவில் இருப்பது போலவே இருக்கிறது' என்றாராம். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

அம்மையாரின் ஆஸ்பத்திரி, பென்னிகுயிக்கின் அணை

இந்த ஐந்து ஆண்டுகளில் நடந்த மற்ற சில காரியங்களின் பலனை மக்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் பிரசவத்தில் உயிர்விட்ட பெண்கள் ஏராளம். அவர்களுக்காக, முழுக்கப் பெண்களே நடத்தும் மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று டாக்டர் மேரி ஷார்லீப் முயன்றார். ஆளுநரின் மனைவி அன்னா ஜூலியா அதற்குத் துணை நின்றார். 1885-ல் தொடங்கிய அந்த மருத்துவமனைதான் 'கோஷா ஆஸ்பத்திரி'. இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்குகிறது.

திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த மாவட்டத்துக்கு வந்த பெரிய செய்தி பெரியாறு அணை. மேற்கே ஓடும் ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பும் யோசனை பல ஆண்டுகளாகப் பேச்சாகவே கிடந்தது. 1882-ல் பென்னிகுயிக்கிடம் திட்டம் போடும் பொறுப்பு வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. கிராண்ட் டஃப் ஊருக்குக் கிளம்ப அப்போது ஆறு வாரங்கள்கூட இல்லை. அணை முடிந்து தண்ணீர் வந்தது 1895-ல். நிலக்கோட்டை பக்கம் பேரணையில் பிரியும் பெரியாறு கால்வாய், அந்தக் கையெழுத்தின் தொடர்ச்சிதான்.

நீலகிரியில் தாவர ஆராய்ச்சிக்கும் அவர் அக்கறை காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த லாசன், 1883-ல் இங்கே வந்து தாவரத் தோட்டங்களையும், மலேரியா மருந்து தரும் சின்கோனா தோட்டங்களையும் கவனித்தார். செடிகொடிகள் மீது கிராண்ட் டஃபுக்கு அப்படி ஒரு பிரியம். மேற்கு ஆசியாவில் பூக்கும் ஓர் ஐரிஸ் மலர்ச்செடி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சேலம் எழுப்பிய கேள்வி

இதுவரை படித்தால் நல்ல ஆளுநர் என்றே தோன்றும். ஆனால், அவர் கப்பல் ஏறும்போது சென்னைப் பத்திரிகைகள் அப்படி எழுதவில்லை.

1882-ல் சேலத்தில் ஊர்வலப் பாதை தொடர்பாக இரு தரப்புக்கும் மோதல் மூண்டு, கலவரமானது. அதன் பிறகு நடந்த கைதுகளும் தண்டனைகளும் மாகாணத்தையே அதிரவைத்தன. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் சேலம் நகராட்சி உறுப்பினரும் வழக்கறிஞருமான சி.விஜயராகவாச்சாரியார். வயது 30. கலவரத்தைத் தூண்டினார் என்று தண்டிக்கப்பட்ட அவர், உயர் நீதிமன்றத்தில் வாதாடி விடுதலை ஆனார். அத்தோடு விடவில்லை. தன்னை நகராட்சியிலிருந்து நீக்கியது செல்லாது என்று வழக்குப் போட்டு, அதிலும் ஜெயித்து, 100 ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். 1920-ல் நாக்பூர் காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இவர்தான்.

செங்கல்பட்டு விவசாயிகள் வழக்கு என்று பேசப்பட்ட இன்னொரு விவகாரமும் அதே காலத்தில் நடந்தது. இரண்டையும் அரசு கையாண்ட விதத்தை, 1878-ல் தொடங்கியிருந்த 'தி இந்து' கடுமையாக எழுதியது. அதன் ஆசிரியர் ஜி.சுப்ரமணிய அய்யர் பேனாவை அடக்கி வைக்கவில்லை. அதிகாரிகள் சொல்வதையே ஆளுநர் நம்புகிறார், ஜனங்கள் சொல்வது அவர் காதுக்கு ஏறவில்லை என்பதுதான் அன்றைய குறை.

எல்ஜினில் ஒரு கடைக்காரர் எழுந்து கேள்வி கேட்டால், கிராண்ட் டஃப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த தேர்தலில் அந்த ஓட்டு வேண்டுமே! சேலத்திலோ செங்கல்பட்டிலோ அந்தக் கட்டாயம் இல்லை. மனிதர் மாறவில்லை. அவரைக் கேள்வி கேட்கும் உரிமை எதிரே இருந்தவர்களிடம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த உரிமையைத் தாங்களே உண்டாக்கிக்கொள்ள சென்னைக்காரர்கள் முடிவு செய்தார்கள். 1884 மே மாதம் சென்னை மகாஜன சபை பிறந்தது. பி.ரங்கய்யா நாயுடு, ஜி.சுப்ரமணிய அய்யர், மு.வீரராகவாச்சாரியார், பி.அனந்தாச்சார்லு ஆகியோர் அதை முன்னின்று நடத்தினார்கள். மறு ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் முதல்முறை கூடியபோது, முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இதே சுப்ரமணிய அய்யர். இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்பதே அந்தத் தீர்மானம்.

கிராமத்துக்கு வந்த சட்டம்

அதே 1884-ல்தான் யூனியன் வருகிறது. வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882-ல் உள்ளாட்சி பற்றி ஒரு தீர்மானம் வெளியிட்டார். ஊர்க் காரியங்களை ஊர்க்காரர்களே பார்க்கப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நகராட்சிகளுக்கு. இன்னொன்று கிராமப்புறத்துக்கு.

கிராமப்புறச் சட்டம் மூன்று அடுக்கு வைத்தது. மேலே மாவட்ட போர்டு, நடுவே தாலுகா போர்டு, கீழே யூனியன் பஞ்சாயத்து. ஒன்றோ பலவோ கிராமங்களைச் சேர்த்து ஒரு யூனியன். வீட்டு வரி வசூலித்து, தெருவிளக்கு ஏற்றுவதும், சாக்கடை, தெரு சுத்தம் பார்ப்பதும் அதன் வேலை. சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும், நில வரியோடு சேர்த்து வசூலித்த கூடுதல் வரியிலிருந்து பணம் போனது.

ஆனால், இந்த போர்டுகளில் ஊர்க்காரர்களின் ஓட்டுக்கு ஆரம்பத்தில் பெரிய இடம் இல்லை. உறுப்பினர்களில் பெரும்பாலோர் நியமனம். மாவட்ட போர்டுக்குக் கலெக்டரே தலைவர். வரி கட்டியது விவசாயி, செலவை முடிவு செய்தது ஆபீஸர். நகரங்களில் கொஞ்சம் பரவாயில்லை. வரி கட்டுகிறவர்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு விரிந்தது. பழனி 1886-ல் நகராட்சி ஆனது.

இன்றைய ஊராட்சி ஒன்றியம் அந்தப் பழைய யூனியன் அல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது வந்த 1958 பஞ்சாயத்துச் சட்டத்தில் பிறந்தது அது. அதன் பிறகு அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தமும், 1994-ம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் தேர்தலையும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் இட ஒதுக்கீட்டையும் கட்டாயமாக்கின. ஆனாலும் 'யூனியன்' என்ற சொல் மட்டும் 1884-ல் இருந்து நாக்கை விட்டு இறங்கவே இல்லை.

நௌரோஜி திருப்பிக் கொடுத்தது

1886 டிசம்பரில் கிராண்ட் டஃபின் ஆளுநர் பதவிக்காலம் முடிந்தது. 'சர்' பட்டம் கிடைத்தது. அதற்குள் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த சாமுவேல் ஸ்மித் என்ற எம்.பி, இங்குள்ள வறுமையைப் பற்றியும் ஆட்சியின் குறைகளைப் பற்றியும் ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தார். அதை மறுத்து 1887-ல் கிராண்ட் டஃப் எழுதினார். நிர்வாகத்தை உள்ளிருந்து பார்த்தவன் என்ற தொனி அதில் இருந்தது.

அதே பத்திரிகையில், அதே ஆண்டில் பதில் வந்தது. எழுதியவர் தாதாபாய் நௌரோஜி. இந்தியா ஏன் ஏழையாகிறது என்று வருமானக் கணக்கு போட்டுக் காட்டியவர். அவர் எடுத்த ஆயுதம் கிராண்ட் டஃபின் சொந்தப் பேச்சு. 1871-ல் துணை அமைச்சராக நாடாளுமன்றத்தில் நின்று, இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இந்தியா எவ்வளவு ஏழை என்று கிராண்ட் டஃபே பேசியிருந்தார். அன்று அப்படிச் சொன்னவர் இன்று ஏன் மாற்றிப் பேசுகிறார் என்று நௌரோஜி கேட்டார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1892-ல், லண்டன் ஃபின்ஸ்பரி தொகுதியில் நின்று 5 ஓட்டு வித்தியாசத்தில் நௌரோஜி எம்.பி ஆனார். அதே லிபரல் கட்சி. கிராண்ட் டஃப் 24 ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அதே சபை. இந்தியாவில் ஓட்டு இல்லாத ஓர் இந்தியர், லண்டன்காரர்களின் ஓட்டு வாங்கி, இந்தியாவுக்காகக் கேள்வி கேட்க அங்கே போய் உட்கார்ந்தார்.

14 பாகம் நாட்குறிப்பு

கிராண்ட் டஃப் அதன் பிறகு தேர்தல் பக்கம் திரும்பவில்லை. ராயல் புவியியல் சங்கத்தின் தலைவராக 1889 முதல் 1893 வரை இருந்தார். அவர் காலத்தில்தான் அந்தச் சங்கம் முதன்முறையாகப் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது. ஆண் உறுப்பினர்கள் பலர் எதிர்த்து, இனி பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தினார்கள். அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். சேலத்தில் பிடிவாதக்காரராகத் தெரிந்தவரின் இன்னொரு முகம் இது.

1897 முதல் 1905 வரை, தன் நாட்குறிப்புகளை 14 பாகங்களாக வெளியிட்டார். சென்னை ஆண்டுகளுக்கு மட்டும் இரண்டு பாகம். சந்தித்த அறிஞர்கள், கேட்ட துணுக்குகள், பார்த்த பூக்கள், போன ஊர்கள் என்று நிறைந்திருக்கும். அரசியல் சண்டைகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார். படிப்பவருக்கு இனிமையான செய்திகள் மட்டும் போய்ச் சேரட்டும் என்பது அவர் விருப்பம். ஆளப்பட்டவர்களின் கோபத்தைத் தெரிந்துகொள்ள, அந்தக் காலப் பத்திரிகைகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

1906 ஜனவரி 12-ல் லண்டனில் இறந்தார். வயது 76. உடலை அவருக்கு ஓட்டு போட்ட எல்ஜின் ஊருக்கே கொண்டுபோய், அங்குள்ள பழைய பேராலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். மெரினாவில் எத்தனையோ பேருக்குச் சிலை இருக்கிறது. பெயர் வைத்தவருக்கு இல்லை.

இப்போது கேட்கலாம்

1884-ல் தொப்பம்பட்டி பக்கம் சோளம் விதைத்த ஒரு விவசாயி, தான் கட்டிய வரி எந்தச் சாலைக்குப் போனது என்று தெரிந்துகொள்ள விரும்பியிருந்தால், மனு எழுதிக் காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. எழுதத் தெரியாதவர் அதற்கும் ஓர் ஆளைத் தேட வேண்டும்.

இன்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கை அங்கே வைத்தாக வேண்டும். தெருவிளக்கு ஏன் எரியவில்லை, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு செலவு, நூறு நாள் வேலைப் பட்டியலில் யார் யார் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.

எல்ஜின் கடைக்காரரிடம் இருந்து, சேலத்துக்காரரிடம் இல்லாமல் போன உரிமை இதுதான். அதை வாங்குவதற்கு மகாஜன சபை தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. பயன்படுத்த ஒரு காலைப் பொழுது போதும்.